சிங்கப்பூரில் ஏர்கான் பழுது: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செலவு வழிகாட்டி

சிங்கப்பூரில் வாடகை வீடு எடுத்த முதல் ஆண்டில் ஒரே ஏர்கானுக்கு (ஊரில் ஏசி என்போமே, அதுதான்) நான் மூன்று முறை குளிரூட்டும் கேஸ் போட்டேன். ஒவ்வொரு முறையும் 120 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஆறு மாதத்தில் 360 வெள்ளி போய்விட்டது. நான்காவது முறை வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் அண்ணன் அவர். கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, செம்புக் குழாய் வந்து சேரும் இணைப்பில் தடவினார். நுரை கொப்பளித்தது.

"தம்பி, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறையுறதுக்கு? எங்கேயாவது கசிஞ்சாத்தான் குறையும். கசிவை அடைக்காம எத்தனை தடவை போட்டாலும் காத்தோட போயிடும்" என்றார்.

குழாய் முனையை வெட்டி, மறுபடி விரித்து, நட்டை முறுக்கி, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), கேஸ் ஏற்றினார். 180 வெள்ளி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளும் கேஸ் என்ற பேச்சே எழவில்லை.

நான் குன்னூரில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் மின்விசிறிகூட மாட்டியதில்லை. ஏர்கானைப் பராமரிக்கும் பொறுப்பு முதன்முதலாக என் தலையில் விழுந்தது சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீடு எடுத்த பிறகுதான். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறவர்களுக்கும் இது புதுப் பாடம்தான். ஊரில் ஏசி சித்திரை, வைகாசியில் ஓடும், மார்கழியில் ஓய்வெடுக்கும். இங்கே அதற்கு மார்கழியே கிடையாது. ஆண்டு முழுக்க வெப்பம், ஆண்டு முழுக்க ஈரம். காற்றில் இருக்கும் ஈரம் இயந்திரத்துக்குள் தண்ணீராக இறங்கி, தூசியோடு சேர்ந்து கூழாகி, வடிகால் குழாயை அடைக்கிறது. அதனால் இங்கே சர்வீஸ் என்பது தள்ளிப்போடக்கூடிய செலவு அல்ல.

ஏர்கான் நின்றுவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன், ஏமாந்தேன். முதலில் கேட்க வேண்டியது, பழுது என்ன? அடுத்தது, இந்தச் செலவு யாருடையது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு விலையைப் பேசினால், பேச்சு உங்கள் கையில் இருக்கும்.

கீழே வரும் விலைகள் நான் கொடுத்ததும், நண்பர்கள் கொடுத்ததும், விசாரித்தபோது சொல்லப்பட்டதும். நிறுவனம், பிராண்டு, எந்த மாடி என்பதைப் பொறுத்து மாறும். சொன்ன விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும் முன்

செலவு யாருடையது என்பது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே முடிவாகிவிடுகிறது. ஏர்கான் பற்றி அதில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும். மூன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது சர்வீஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகைதாரர் தம் செலவில் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இதில் பேரம் பேச அதிகம் இடமில்லை. ஆனால் ரசீது விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கம்ப்ரசர் போனால், "நீங்கள் ஒழுங்காக சர்வீஸ் செய்யவில்லை, அதனால்தான் போனது" என்று வீட்டுக்காரர் முழுச் செலவையும் உங்கள் பக்கம் தள்ளலாம். உங்களிடம் ரசீது வரிசையாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது சிறு பழுது. 150, 200, 250 வெள்ளி என்று ஏதாவது ஒரு தொகை போட்டிருப்பார்கள். அதுவரை உங்கள் செலவு, அதற்கு மேல் வீட்டுக்காரர் செலவு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழுது 500 வெள்ளி ஆகிறது, ஒப்பந்தத்தில் 200 என்று இருக்கிறது. முதல் 200 உங்களுடையது, மீதி 300 அவருடையது என்றா? 200ஐத் தாண்டிவிட்டதால் முழு 500ம் அவருடையது என்றா? இரண்டு விதமாகவும் எழுதப்பட்ட ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். வாசகம் குழப்பமாக இருந்தால் முகவரிடம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முதல் 30 நாள். இந்தக் காலத்தில் வரும் பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சொத்து முகவைகள் மன்றத்தின் இணையத்தளத்தில் மாதிரி வாடகை ஒப்பந்தம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, உங்களுக்குக் கொடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குடிபோன முதல் வாரத்தில் எல்லா அறை ஏர்கானையும் ஒரே நேரத்தில் போட்டு, ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். பத்து நிமிடம் போட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்று திருப்தியடையாதீர்கள். தண்ணீர் சொட்டுவதும் பாதியில் நிற்பதும் நாலைந்து மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரியும். ரிமோட்டில் எண் தெரிவது, காற்று வருவது, சுவரில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர்க் கறை எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியின் தேதி பின்னாளில் பணத்துக்குச் சமம்.

அறை மட்டும் எடுத்துத் தங்குகிறவர்கள் வேறு சில கேள்விகள் கேட்க வேண்டும். ஏர்கான் இரவில் மட்டுமா, எந்நேரமும் போடலாமா? பியூபி பில் (மின்சார, தண்ணீர்க் கட்டணம்) வாடகையில் அடங்குமா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? சர்வீஸ் யார் செலவு? ஓர் அறை ஏர்கான் சராசரியாக 700 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 5.6 யூனிட். யூனிட் சுமார் 30 காசு என்றால் இரவுக்கு ஒன்றே முக்கால் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு, மாதத்துக்கு 50 வெள்ளி. நாலு பேர் பிரிக்கும் பில்லில் யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்ற மனவருத்தம் வருவது இந்த இடத்தில்தான். முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

மாட்டியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

போன் போட்டால் முதலில் கேட்பார்கள்: "சிஸ்டம் எத்தனை?" சன்னலுக்கு வெளியே உள்ள திட்டில் (லெட்ஜ்) இருக்கும் ஒரு பெரிய பெட்டி, உள்ளே மூன்று அறைகளில் மூன்று பெட்டிகள் என்றால் அது சிஸ்டம் 3. வெளிப்பெட்டியைக் கண்டென்சர் என்றும், உள்ளே இருப்பதை ஃபேன் காயில் என்றும் சொல்வார்கள். ஊரில் ஒரு அறைக்கு ஒரு வெளிப்பெட்டி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைச் சன்னலுக்கு உள்ளே நின்றபடியே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லெட்ஜில் கால் வைக்கவே கூடாது. தகட்டில் மாடல் எண்ணும் கேஸ் வகையும் இருக்கும். ஆர்32 என்றால் ஓரளவு புதியது. ஆர்410ஏ என்றால் பெரும்பாலும் 2022க்கு முந்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், புவி வெப்பமாதலுக்கு அதிகம் காரணமாகும் கேஸ் உள்ள வீட்டு ஏர்கான்களை இங்கே விற்பனைக்கு விடுவதைத் தேசிய சுற்றுப்புற வாரியம் நிறுத்திவிட்டது, ஆர்410ஏ அதில் அடங்கும். ஆர்22 என்று இருந்தால் அது மிகப் பழைய இயந்திரம், பெரிய பழுதுக்குப் பணம் போடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஒரு வகை கேஸ் உள்ள இயந்திரத்தில் இன்னொரு வகையைக் கலக்கக் கூடாது. வந்தவர் கையில் இருக்கும் சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

ஆளைக் கூப்பிடும் முன் இருபது நிமிடம்

வந்து பார்ப்பதற்கே 40 முதல் 60 வெள்ளி வாங்குவார்கள். பழுது பார்த்தால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அதனால் நீங்களே பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ரிமோட்டில் பனிப்பூ சின்னம் இருக்கிறதா? இல்லாமல் மின்விசிறி சின்னமோ துளிச் சின்னமோ இருந்தால் ஏர்கான் முழுக் குளிரைத் தராது. பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்புறம் முன்மூடியைத் திறந்து வடிகட்டி வலையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது. வலையில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, உள்ளே குளிரும் குழாய்ச் சுருளில் (காயில்) பனிக்கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி உருகும்போது தண்ணீர் சுவரில் வழியும். பார்ப்பவர்கள் குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்து, ஓர் அறையில் மட்டும் கோளாறா, எல்லா அறையிலுமா என்று பாருங்கள். ஓர் அறையில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த உள்பெட்டியில் பழுது, செலவு குறைவு. எல்லா அறையும் ஒன்றாக நின்றால் வெளிப்பெட்டியோ மின்சாரமோ காரணமாக இருக்கலாம். மின்பெட்டியில் ஏர்கான் சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். மின்சாரக் கம்பி சம்பந்தப்பட்ட வேலை என்றால் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

பல பிராண்டுகள் தங்கள் பழுதைத் தாங்களே சொல்லும். டைக்கின் ரிமோட்டில் கேன்சல் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் எண்கள் தெரியும். பிறகு விட்டு விட்டு அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் நீளமாக ஒரு பீப் கேட்கும். அப்போது திரையில் இருப்பதுதான் பழுதுக் குறியீடு. யூ4 என்றால் உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்கிறது. யூ0 என்றால் கேஸ் போதவில்லை. ஏ6 என்றால் உள்விசிறி மோட்டார். பானசோனிக்கில் எச்11 என்பது டைக்கினின் யூ4 சொல்வதையே சொல்கிறது. மிட்சுபிஷி எலக்ட்ரிக்கில் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. இந்தக் குறியீட்டைப் போனிலேயே சொல்லி விலை கேட்டால், எதிர்முனையில் பேசுகிறவரின் தொனியே மாறும். என் அனுபவத்தில் இது பலமுறை பலித்திருக்கிறது.

இன்னொரு எளிய சோதனை. பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானி போதும். ஏர்கான் கால் மணி நேரம் ஓடிய பிறகு, அது காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கத்திலும் குளிர்காற்று வெளியே வரும் கீழ்ப்பக்கத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது, அறைதான் பெரிது அல்லது கதவிடுக்கில் குளிர் போகிறது. வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் சொட்டினால் வாளி வைப்போம். அந்த வாளியைத் தினமும் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தாலே போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், முட்டைப்புழு இருந்தால் அபராதம் உண்டு.

சர்வீஸ், கெமிக்கல் வாஷ், ஓவர்ஹால்

ஜெனரல் சர்வீஸ் என்பது வலை, மூடி, காயிலின் மேற்பரப்பு, வடிகால் குழாய் ஆகியவற்றைச் சுத்தம் செய்வது. ஒரே ஒரு பெட்டி என்றால் 30 முதல் 50 வெள்ளி. மூன்று பெட்டிகளைச் சேர்த்துச் செய்தால் ஒரு வருகைக்கு 60 முதல் 100 வெள்ளி. ஆண்டுக்கு நான்கு முறை என்று ஒப்பந்தம் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். வாடகைதாரருக்கு நான் ஆண்டு ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன், ரசீது தவறாமல் வந்துவிடும்.

கெமிக்கல் வாஷில் ரசாயனம் தெளித்து காயிலையும் விசிறி உருளையையும் கழுவுவார்கள், பெட்டிக்கு 80 முதல் 150 வெள்ளி. ஓவர்ஹால் என்றால் உள்பெட்டியைச் சுவரிலிருந்து முழுசாக இறக்கிக் கழுவி மறுபடி மாட்டுவது, 130 முதல் 220 வெள்ளி வரை கேட்பார்கள். ஓவர்ஹாலில் கேஸைக் கையாள வேண்டியிருப்பதால் அதையும் சேர்த்த விலையா என்று கேளுங்கள்.

சர்வீஸுக்கு வருகிறவர்கள் சிலர், பெட்டியைத் திறந்ததுமே "கெமிக்கல் வாஷ் போடணும்" என்பார்கள். மறுக்கவும் வேண்டாம், உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். டார்ச் அடித்து விசிறி உருளையைக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பாகத் திட்டுத் திட்டாகப் பூஞ்சை படிந்திருந்தால், ஈரத்துணி வாடை வந்தால், அவர் சொல்வது சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் நடக்கும் வீட்டில் ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பது என் கணிப்பு. ரசாயனத்தை அடிக்கடி போட்டால் மெல்லிய அலுமினியத் தகடுகள் கெட்டுப்போகும்.

எந்தப் பழுதுக்கு எவ்வளவு

அதிகம் வருவது தண்ணீர் சொட்டுவதுதான். அடைப்பை உறிஞ்சி எடுக்க 40 முதல் 80 வெள்ளி. சர்வீஸோடு சேர்த்துச் செய்தால் பல இடங்களில் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் சொட்டுவது எங்கிருந்து என்று முதலில் பாருங்கள். உள்பெட்டியிலிருந்து என்றால் அடைப்பாக இருக்கலாம். கூரையோரம் ஓடும் வெள்ளை டிரங்கிங்கிலிருந்து (குழாய்களை மறைக்கும் நீளப் பெட்டி) சொட்டினால், உள்ளே குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு உறை கிழிந்திருக்கும் அல்லது வடிகால் குழாயின் சரிவு தப்பியிருக்கும். அதற்கு எத்தனை முறை அடைப்பு எடுத்தாலும் பயனில்லை. டிரங்கிங்கைத் திறந்து உறையை மாற்ற வேண்டும், நீளத்தைப் பொறுத்து நூறிலிருந்து பல நூறு வெள்ளி வரை போகும். வீட்டைக் கட்டியபோதோ ஏர்கான் மாட்டியபோதோ நடந்த தவறு அது. வாடகைதாரரின் தலையில் கட்டக்கூடாது, பணிவாக ஆனால் உறுதியாக அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கேஸ். நான் பணம் இழந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செம்புக் குழாய்க்குள் மூடிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கேஸ், வெப்பத்தை உள்ளிருந்து வெளியே சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அது எரிவதில்லை, தீர்வதில்லை. நன்றாக மாட்டிய இயந்திரத்தில் பத்து ஆண்டுக்கும் அதே கேஸ் இருக்கும். "ஆண்டுக்கு ஒருமுறை டாப்-அப் போடணும் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாப்-அப்புக்கு 60 முதல் 150 வெள்ளி, முழுதாக ஏற்ற 150 முதல் 280 வெள்ளி என்று கேட்பார்கள். அதைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை இவை: இப்போது அழுத்தம் எவ்வளவு, மீட்டரைக் காட்டுங்கள். கசிவு எங்கே? அதை அடைத்துவிட்டீர்களா? அடைத்த பிறகு வேக்கம் போட்டீர்களா? எத்தனை மாதம் உத்தரவாதம்? இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே கசிகிறது என்று பொருள். சோப்பு நுரை எளிய முதல் சோதனை.

காயில் அழுக்காக இருந்தாலும் குளிர் குறையும், கேஸ் குறைந்தாலும் குளிர் குறையும். அழுக்கான இயந்திரத்தில் அழுத்தத்தை அளந்தால் அளவே தப்பாகக் காட்டும். ஆகவே முதலில் சுத்தம், பிறகு அளவு. சுத்தம் செய்ததுமே குளிர் வந்துவிட்டால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை. ஆர்32 மெல்லத் தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால், இணையத்தில் பார்த்து நாமே செய்துவிடலாம் என்று இறங்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. வெப்பத்தை உணரும் சென்சார் 80 முதல் 150 வெள்ளி. உள்விசிறி மோட்டார் 180 முதல் 350. உள்பெட்டியின் பிசிபி போர்டு (மின்னணுச் சுற்றுப் பலகை) 200 முதல் 350, வெளிப்பெட்டியின் போர்டு 350 முதல் 600. கம்ப்ரசர் என்றால் 600இல் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். பல பிராண்டுகள் கம்ப்ரசருக்கு 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன, ஆனால் பொருளுக்குத்தான், கூலிக்கு இல்லாமல் போகலாம். வாங்கிய ரசீது வீட்டுக்காரரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். வெளிப்பெட்டி லெட்ஜில் இல்லாமல் பழைய கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கினால், எட்டி வேலை செய்யத் தனிக் கட்டணம் போடுவார்கள். அது நியாயமான கட்டணம். பாதுகாப்புக் கயிறு கட்டாமல் வெளியே இறங்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இயந்திரம் எட்டு, பத்து ஆண்டு பழையது, கம்ப்ரசரோ வெளிப் போர்டோ போய்விட்டது என்றால், புதிதாக மாற்றுவதைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசலாம். சிஸ்டம் 3 மாட்டுவதோடு சேர்த்து 3,000 முதல் 4,500 வெள்ளி ஆகும். அது முழுக்க அவர் முடிவு, அவர் செலவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாட்டுகிறவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்று அதன் பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும். உங்கள் பங்கு ஒன்று உண்டு: மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் உள்ளதாக வாங்கச் சொல்லுங்கள். மின்கட்டணத்தைக் கட்டப்போவது நீங்கள்தான்.

யாரைக் கூப்பிடுவது

நம்மவர்கள் பலர் செய்யும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். லிட்டில் இந்தியாவின் தெக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது சொல்வார்கள்: "நம்ம ஊர்த் தம்பி ஒருத்தன் இருக்கான், ஞாயித்துக்கிழமை வந்து பெட்டிக்கு 15 வெள்ளியில் கழுவிக் கொடுத்துட்டுப் போவான்." கேட்க நன்றாக இருக்கும், அந்தத் தம்பிக்கும் நாலு காசு சேருமே என்று தோன்றும். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் தம் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் அனுமதிச் சீட்டு ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படலாம், வேலை கொடுத்தவர் மீதும் நடவடிக்கை வரலாம். கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒருவரின் பிழைப்பை, நாம் மிச்சம் பிடிக்கும் 15 வெள்ளிக்காகப் பணயம் வைக்கக் கூடாது. அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாகவே அவரை வரச்சொல்லுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை. முகநூலில் "ஏர்கான் சர்வீஸ் 10 வெள்ளி" என்று விளம்பரம் வரும். தொடர்புகொண்டால், முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்லி இணைப்பு அனுப்புவார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கும் அந்தச் செயலி உங்கள் போனைத் திருடர்கள் கையில் கொடுத்துவிடும், வங்கிக் கணக்கு காலியாகும். 2023இல் இப்படிப் பலர் பணம் இழந்து, காவல்துறை வெளிப்படையாகவே எச்சரித்தது. ஏர்கான் கழுவ எந்தச் செயலியும் தேவையில்லை. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

சரி, நல்ல ஆளை எப்படிப் பிடிப்பது? உங்கள் புளோக்கில் பல ஆண்டு இருக்கும் அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அதே கட்டடம், அதே குழாய் அமைப்பு, அவர்கள் வீட்டுக்கு வந்தவருக்கு உங்கள் வீடும் தெரிந்திருக்கும். இரண்டு நிறுவனங்களிடமாவது எழுத்தில் விலை கேளுங்கள். வந்து பார்க்கும் கட்டணம், வேலைக் கூலி, பொருள் விலை, உத்தரவாத மாதம் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிறுவனத்தின் பதிவெண்ணைக் கேட்டால் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

வந்து வேலை செய்யும் அன்று

பழுது உங்கள் பொறுப்புத் தொகையைத் தாண்டும் என்று தெரிந்தால், வேலையைத் தொடங்கச் சொல்லும் முன் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்புங்கள். என்ன பழுது, என்ன விலை, யார் சொன்னார், படம். "சரி, செய்யுங்கள்" என்ற பதில் வந்த பிறகுதான் வேலை. முதலில் செய்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால், "என்னிடம் கேட்டிருந்தால் என் ஆளையே அனுப்பியிருப்பேனே" என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

மாற்றிய பழைய பொருளை உங்களிடமே விட்டுப்போகச் சொல்லுங்கள். புதியதன் பெட்டியில் இருக்கும் எண்ணைப் படமெடுங்கள். வேலை முடிந்ததும் அரைமணி நேரமாவது ஓடவிட்டு, அந்த வெப்பமானியால் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, போன் வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் அனுப்புங்கள், நிறுவனத்தின் பெயருக்கு. ரசீதில் "ஏர்கான் ரிப்பேர்" என்று பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த அறை, எந்தப் பொருள், எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுத வேண்டும். வந்தவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். வெயிலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்.

உத்தரவாதக் காலத்தில் அதே பழுது திரும்பி, நிறுவனம் தட்டிக் கழித்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள். பலனில்லை என்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கு அடுத்தது சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில் வரும் தகராறும் இதே மன்றத்துக்குப் போகலாம் என்பதால், வைப்புத்தொகையை ஏர்கானைக் காரணம் காட்டிப் பிடித்துக்கொண்டாலும் வழி இருக்கிறது.

வீட்டைக் காலி செய்யும்போது

கடைசி சர்வீஸை ஒப்படைப்பதற்கு இரண்டு வாரம் முன்பாகச் செய்துவிடுங்கள். ஏதாவது சொட்டினால் சரிசெய்ய நேரம் இருக்கும். சில ஒப்பந்தங்களில் காலி செய்யும்போது கெமிக்கல் வாஷ் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். இருந்தால் செய்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்காரர் வாய்மொழியாகக் கேட்கிறார் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

சாவி கொடுக்கும் நாளன்று காலையிலேயே எல்லா ஏர்கானையும் போட்டுவிடுங்கள். அவர் வரும்போது ஒவ்வோர் அறையும் குளிர்ந்திருக்கட்டும். ரிமோட்டுகளைப் புதுப் பேட்டரியோடு மேசையில் வரிசையாக வையுங்கள், பக்கத்திலேயே சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கிளிப் போட்டு வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் ரிமோட் எண்ணும் வெப்பமானியும் சேர்ந்து தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள், அவரும் அதில் இருக்கட்டும். ஒப்படைப்புத் தாளில் "ஏர்கான்கள் நன்றாக இயங்குகின்றன" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைப் படமெடுத்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.